மாஸ்டர் தைத்த சமையலறை

இழுப்பறையைப் பாதிவரை இழுத்து, லேசாகத் தள்ளி, விரலை எடுத்துவிட்டு, காதைச் சாய்த்தபடி நிற்கிறார். அது தானாக உள்ளே போய், கடைசி ஓர் அங்குலத்தில் தயங்கி, பெருமூச்சு விடுவதுபோல் மூடிக்கொள்கிறது. அடுத்தது. அதற்கடுத்தது. காலையில் பல் துலக்கிய ஈரம் மீசையில் காய்வதற்குள் சமையலறையின் எல்லா இழுப்பறைகளையும் ஒரு சுற்றுக் கேட்டுவிடுவார். பார்ப்பதில்லை, கேட்பதுதான். எதிலாவது 'டக்' என்று ஒரு சத்தம் வந்துவிட்டால் அன்றைக்குத் தேநீர் தாமதம்.

"இதுக்குச் சளி புடிச்சிருக்கு," என்பார், திருப்புளியைத் தேடிக்கொண்டே.

தெருவில் அவருக்கு ட்ரயல் மாஸ்டர் என்று பெயர். ஆண்களுக்கு உடை தைக்கும் கடை வைத்திருந்தவர். இப்போது கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குக் கோட்டு வேண்டும் என்று மாப்பிள்ளையே வந்து நின்றாலும் மாஸ்டர் அசையமாட்டார். "போட்டுக் காட்டுங்க" என்பார். போட்டதும் "உக்காருங்க" என்பார். உட்கார்ந்ததும் "எந்திரிச்சு மேல இருக்கிற விளக்கைத் தொடுற மாதிரி கையைத் தூக்குங்க" என்பார். அக்குளில் இழுக்கிறதா, கழுத்தில் பிடிக்கிறதா என்று கேட்டு, எங்கும் இல்லை என்று ஆள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் பித்தான் தைப்பார்.

"உடம்பு நிக்கும்போது ஒண்ணு சொல்லும், உக்காரும்போது ஒண்ணு சொல்லும். டேப்பை மட்டும் நம்பி வெட்டினவன் எல்லாம் கடையைப் பூட்டிட்டுப் போயிட்டான்," என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது.

கடையை விட்ட பிறகும் டேப் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. குளிக்கும்போது மட்டும் கதவுக் கொக்கியில் தொங்கும். வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் போட்ட பழைய காய்ப்பு; அதற்குப் பக்கத்தில் ரம்பம் போட்ட புதிய காய்ப்பு. நெடுநெடுவென்ற ஆள். தரையில் உட்கார்ந்து எழும்போது முழங்காலில் கையை ஊன்றுவதில்லை. அறுபத்தைந்து வயதுக்கு நல்ல உடம்பு. குடியில்லை, புகையில்லை, யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதும் இல்லை. இப்படிப்பட்டவரைக் குறை சொல்வது கடினம். அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அந்த வீட்டின் பழைய அடுப்படி, கடைசி அறை. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சிமெண்ட் பலகை ஒன்று, அதன்மேல் அடுப்பு. கீழே சட்டி பானைகளை மறைக்க ஒரு திரை. கடையில் மிஞ்சிய கால்சட்டைத் துணியில் அவரே தைத்துப் போட்டது. திரையை விலக்கினால் கரப்பான்கள் மரியாதையாக உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் தேய்ந்துபோன அவர் மனைவி, வேலைக்குப் போன வருஷங்கள் முழுக்க அந்தத் திரைக்குக் கீழே குனிந்தும் நிமிர்ந்தும் சமைத்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அதே குனிவு, அதே நிமிர்வு.

மகள் புது வீட்டுக்குக் குடிபோனபோது இருவரும் போய்ப் பார்த்தார்கள். அங்கே சுவரோடு சுவராகப் பொருத்திய அலமாரிகள். மனைவி ஓர் இழுப்பறையை இழுத்தாள், மூடினாள்.

"நல்லாத்தான் இருக்கு. குனியாம எக்காம எல்லாம் கைக்கு வருது," என்றாள்.

முதல் இரண்டு வார்த்தையோடு மாஸ்டருக்கு வேலை தொடங்கிவிட்டது. மீதியை அவர் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் திரைத்துணியைக் கத்தரித்து இறக்கினார். சிமெண்ட் பலகையை உடைத்தார். அடுப்பு பின்பக்க நடையில் ஒரு பெஞ்சின்மேல் போய் உட்கார்ந்தது.

"ஆளைவிட்டுச் செஞ்சிடலாமேப்பா. பத்து நாள்ல மாட்டிட்டுப் போயிடுவாங்க," என்று மகள் தொலைபேசியில் சொன்னாள்.

"ரெடிமேட் போட்டுக்கிற குடும்பமா நாம?" என்று கேட்டார் மாஸ்டர்.

பத்து நாள் வேலை மூன்று வருஷம் நடந்தது. மரவேலை அவருக்குப் புதிது. ஆனால் எதைச் செய்தாலும் தையல்காரராகவே செய்தார். முதலில் பழுப்புக் காகிதத்தில் முழு அளவில் ஒவ்வொரு கதவையும் வெட்டிச் சுவரில் ஒட்டினார். இரண்டு மாதம் அந்த வீட்டில் காகித அலமாரிதான். பிறகு மலிவுப் பலகையில் ஒரு தடவை செய்து, ஓட்டுத் தையல் போடுவதுபோல் சின்ன ஆணிகளால் கோத்து, தள்ளி நின்று பார்த்து, பிரித்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் நல்ல மரத்தில் கை வைத்தார். ஆணியே இல்லாமல் பல்லுக்குள் பல் இறக்கி மூலைகளைச் சேர்த்தார். கதவின் ஓரத்தை 'பட்டி' என்பார், கைப்பிடிக்குப் போடும் துளையை 'காஜா' என்பார். மேல் அலமாரி கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால், "காலர் தூக்கிட்டு நிக்குது" என்பார்.

எல்லாவற்றையும்விட அவர் உயிரை வைத்தது மரத்தின் ரேகையில். கோடு போட்ட சட்டையில் பாக்கெட் இருக்கும் இடம் தெரியாதபடி கோட்டோடு கோடு சேர்ப்பது நல்ல தையல்காரனின் வித்தை. அதையே மரத்தில் செய்தார். மேடைக்கு அடியில் வரும் மேல் வரிசை இழுப்பறைகள் எல்லாவற்றின் முகப்பையும் ஒரே நீளப் பலகையிலிருந்து வரிசை மாறாமல் வெட்டினார். அதனால் இடது சுவரில் புறப்படும் ரேகை, ஒவ்வோர் இழுப்பறையாகத் தாண்டி, எங்கும் அறுபடாமல் வலது சுவரில் போய் முடியும். பார்ப்பவர்களுக்கு அது ஒரே பலகை. இடுக்கில் நகத்தை விட்டால்தான் பல பலகை என்று தெரியும்.

"கோடு சேருதா பாருங்க," என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். பார்த்தவர்கள் உண்மையிலேயே அசந்துபோனார்கள். அசரும்படிதான் இருந்தது.

மேடையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டிய நாள் வந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து நில்லு. முழங்கை அளவு எடுக்கணும்."

பின்பக்க நடையிலிருந்து பதில் வந்தது. "கையெல்லாம் மாவு. அடுப்புல வேற கொதிக்குது."

"ரெண்டு நிமிஷ வேலை."

"அப்ப ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க."

அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் ஈரக் கையோடு வந்து, பலகையைத் தொட்டு, கறை பண்ணிவிட்டுப் போவாள் என்று தோன்றியது. தவிர, கட்டின மனைவியின் அளவு தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினார்? சுவரோடு சுவராகத் தானே நின்றார். முழங்கையை மடக்கினார். அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டார். மனைவி தன் தோள் உயரம்தான் என்பது நினைவுக்கு வர, மனக்கணக்கில் அவளுக்காக நாலு விரல் குறைத்தார். பிறகு பழக்க தோஷத்தில், துணியில் மடிப்புக்கு உள்ளே விடுவதுபோல் நாலு விரல் கூட்டிக்கொண்டார். பெரிதாகத் தைத்தால் பிறகு பிடித்துச் சிறிதாக்கிக்கொள்ளலாம். சின்னதாகத் தைத்தால் தெருவில்தான் நிற்க வேண்டும். எந்தத் தையல்காரனும் அப்படித்தான் செய்வான். குறைத்ததும் கூட்டியதும் சரியாகப் போயிற்று. மேடை அவர் முழங்கைக்கே வந்து நின்றது.

கல் பலகை ஏற்றி, அடுப்பை உள்ளே கொண்டுவந்த அன்று மனைவி புதுமேடையில் காய் நறுக்க நின்றாள். இரண்டு தோளும் காதுவரை ஏறின.

"என்னங்க, கொஞ்சம் உசரமா இருக்கே."

"நிமிந்து நில்லு."

"நிமிந்துதான் நிக்கிறேன். இதுக்கு மேல நிமிர என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல."

மாஸ்டர் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். "நாலு விரல் உள்ள விட்டுத்தான் வெச்சிருக்கேன். ஒரு மாசம் பொழங்கிப் பாரு. வேணும்னா பிடிச்சுக்கலாம்."

அந்த ஒரு மாதத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்தார், பாலிஷ் போட்டார், காயவிட்டார், மறுபடி தேய்த்தார், மறுபடி பாலிஷ் போட்டார். மரம் தேன் நிறத்துக்கு வந்து, அதைத் தாண்டி, குதிரையின் தோல்போல் மின்ன ஆரம்பித்தது. ட்ரயல் முடிவதற்கு முன்பே பித்தான் தைத்து இஸ்திரியும் போட்டாகிவிட்டது. கடையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேறு கடை பார்க்கச் சொல்லியிருப்பார்.

மாதம் முடிந்தது. அவள் மறுபடி கேட்டாள்.

"பாலிஷ் ஏறினதுக்கு அப்புறம் ரம்பம் போட்டா சில்லு பேந்துடும்," என்றார். "அன்னிக்கு அளவுக்குக் கூப்பிட்டேன். நீதான் வரல."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாவுக் கையோடு அன்றைக்கே ஓடிவந்திருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். கேட்காததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கீழ்வீட்டு அக்கா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "உனக்கென்னடி, ராணி மாதிரி அடுப்படி."

"ராணிக்கு மோவாய் வேகுது அக்கா. தாளிக்கும்போது தள்ளி நில்லுங்க, உங்களுக்கும் தெறிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். தன் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வதுதான்.

ராத்திரிகளில் அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். கைக்கெட்டாத இடத்தில் அவரே தேய்த்துவிட்டார். நன்றாகத் தேய்ப்பார், தையல்காரர் கை, எந்தத் தசை எங்கே இழுக்கிறது என்று அதற்குத் தெரியும். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. மேடையை இறக்க முடியாவிட்டால் ஆளை ஏற்றலாம்.

மேடையின் நீளத்துக்கும் கீழே ஒரு படி செய்தார். ஒரு சாண் உயரம், ஒரு பாதம் வைக்கும் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். அதே மரம், அதே ரேகை, அதே பாலிஷ். அலமாரியோடு பிறந்ததுபோல் பொருந்தியது. அதில் ஏறி நின்றதும் அவள் தோள்கள் இறங்கின. "இப்ப எப்படி?" என்றார். "எட்டுது," என்றாள். அதன்பிறகு அவள் கழுவ ஒரு தடவை இறங்கினாள், உப்பு எடுக்க ஒரு தடவை ஏறினாள், யாராவது கூப்பிட்டால் இறங்கினாள், அடுப்பு பொங்கினால் ஏறினாள். ஒரு நாளில் எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. அவள் முழங்கால் எண்ணியிருக்கும்.

மகள் வந்தபோது படியைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். "வழுக்குதேப்பா. ரப்பர் விரிப்பு ஏதாவது போடுங்க."

"ரப்பரைப் போட்டு மூடவா இவ்வளவு பாலிஷ் ஏத்தினேன்? உங்கம்மா என்ன குழந்தையா, பாத்து நடக்கத் தெரியாதா?"

விழுந்த அன்று கொதிக்கும் பாத்திரம் ஒன்று அவள் கையில் இருந்தது. இறக்கி வைக்கப் பின்னால் கால் வைத்தவளுக்குப் படி முடிந்தது தெரியவில்லை. எப்படியோ பாத்திரத்தை மட்டும் மேடைமேல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் விழுந்தாள். இடுப்பெலும்பு தொடையோடு சேரும் இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாஸ்டர் அதைச் சொன்னார்.

"ஒரு சொட்டுச் சிந்தலங்க. பாத்திரத்தை மேல வெச்சுட்டுத்தான் விழுந்திருக்கா. என்ன நிதானம் பாருங்க."

கட்டிலில் கிடந்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கே பார்க்க முடியும்?

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, நடக்கப் பழக்குவதற்கு ஒரு நர்ஸ் வாரத்தில் இரண்டு முறை வந்தாள். நடுவயதுக்காரி, வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பவள். மாஸ்டர் மனைவியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதைப் பார்த்ததும் அதட்டினாள்.

"ஐயா, அது துணி மூட்டை இல்ல. தோள் கழண்டுக்கும். முன்னாடி நகர்ந்து உக்காரச் சொல்லுங்க, காலை ஊன்றச் சொல்லுங்க, அவங்களே எந்திரிக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

ஒரு தடவை சொன்னால் அவருக்குப் போதும். மறு வாரம் நர்ஸ் வந்தபோது எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். படுக்கையில் சுருக்கம் இருந்தால் புண் வரும் என்று சொல்லப்போக, விரிப்பை இஸ்திரி போட்டு, நாலு மூலையையும் பலகைபோல் இழுத்துக் கட்டினார். மனைவியின் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட விழவில்லை. அவள் உடம்பைத் துடைப்பதிலும் அருவருப்புக் காட்டவில்லை. நர்ஸே இன்னொரு வீட்டில் இதைச் சொன்னாளாம்.

சமையலும் அவர் பொறுப்பாயிற்று. ஆரம்பத்தில் தீய்ந்தது, பிறகு சப்பென்று இருந்தது, பிறகு சாப்பிடும்படி ஆயிற்று. படியைக் கழற்றிப் பரணில் போட்டார். அவருக்கு அது தேவையில்லை. மனைவி ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, கதவு வழியாகத் தெரிகிற அளவுக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவர் காய் நறுக்கிக்கொண்டே, மனம் நிறைந்து, திரும்பாமலே சொன்னார்.

"இப்பத்தான் தெரியுது, அளவு எவ்வளவு கச்சிதமா விழுந்திருக்குன்னு. தோள் வலிக்கல, இடுப்பு வலிக்கல. நாள் முழுக்க நிக்கலாம்."

"ஆமா," என்றாள் மனைவி. "உங்களுக்குத்தானே தைச்சீங்க."

அவர் அடுத்த காயை எடுத்து வைத்தார். பிறகு நறுக்கும் சத்தம் கேட்டது.

அவள் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் முதலில் போனது சமையலறைக்குத்தான். நர்ஸ் கூடவே போனாள். மேடைக்கு முன்னால் நிறுத்தி, ஒரு டம்ளரை எடுக்கச் சொன்னாள். ஒரு கை வாக்கரில். மறு கை தோளுக்கு மேல் உயர்ந்தது. உடம்பு பின்னால் சாய்ந்தது. நர்ஸ் தயாராக இருந்ததால் தாங்கிக்கொண்டாள்.

"பாத்தீங்களா ஐயா? இந்த மேடையில இவங்க தண்ணிகூட மோந்து குடிக்க முடியாது. படியெல்லாம் இனி கனவுலயும் வேண்டாம். ஒண்ணு, மேடையை அறுத்து இறக்குங்க. இல்லைன்னா ஒரு ஓரத்தையாவது இறக்கி, உக்காந்து செய்யற மாதிரி கீழ காலுக்கு இடம் விடுங்க."

"ஒரு ஓரத்தை மட்டும் இறக்கினா கோடு உடைஞ்சிடும்மா."

"எந்தக் கோடு?"

அவர் காட்டினார். இடது சுவரில் புறப்பட்டு வலது சுவர்வரை விரலை இழுத்துக்கொண்டே போனார். நர்ஸ் பொறுமையாகப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. இவங்க எக்ஸ்ரேல ஒரு கோடு இருக்கு, அதையும் கையோட பாத்துடுங்க," என்றாள். பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "சமைச்சுக்கிட்டே இருந்த கால் அது. ஹால்ல உக்கார வெச்சா ஆறு மாசத்துல மரத்துப்போகும். அதுக்கப்புறம் அடுப்படி எந்த உசரத்துல இருந்தா என்ன?"

மகள் ஒரு முடிவோடு தொலைபேசியில் பேசினாள். தன் வீட்டில் எல்லாம் எட்டும் உயரத்தில் இருக்கிறது. அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம். கொஞ்ச நாளைக்கு என்று இல்லை, அங்கேயே இருக்கட்டும். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மனைவியிடம் சொன்னார்.

"போயிட்டு வாயேன். உனக்கும் மாறுதலா இருக்கும்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் இன்னது வேண்டும் என்று இவ்வளவு நேரடியாகக் கேட்டதில்லை. அதனால் அந்தக் குரல் அவருக்குப் புதிதாக இருந்தது.

"எனக்கு மாறுதல் வேண்டாம். என் வீட்ல, என் அடுப்புல, ரெண்டு பேருக்கு நானே சமைக்கணும். போன்னு சொல்றீங்களா, இல்ல அதை அறுக்கிறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் அவகிட்ட சொல்லணும்."

"இதென்ன பேச்சு," என்றார். சாப்பிடாமல் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

சனிக்கிழமை காலையில் தம்பி வந்தார். கையில் மின்ரம்பம். "அண்ணன் வரச் சொன்னாரு அண்ணி. மேடையை இறக்கணுமாமே," என்றார். மனைவி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். அண்ணனும் தம்பியுமாக அடுப்பை நகர்த்தி, கல் பலகையைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்தார்கள். மரம் மட்டும் நின்றது. தம்பி ஒயரைச் சொருகிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வா," என்று மாஸ்டர் ஹாலைப் பார்த்துக் கூப்பிட்டார். "முழங்கை அளவு எடுக்கணும்."

அவள் உடனே வந்தாள். வாக்கரை ஒவ்வோர் அடியாக ஊன்றி, கூடிய வேகத்தில் வந்தாள். கையில் மாவும் இல்லை, ஈரமும் இல்லை. இருந்தும் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"செருப்பைப் போட்டுக்கோ. செருப்போடதானே நிக்கப்போற? அதுவும் அளவுல வரணும்." செருப்பை அவரே குனிந்து மாட்டிவிட்டார். "மூச்சை இழுத்துப் பிடிக்காத. சாதாரணமா நில்லு. ஒரு கை வாக்கர்ல இருக்கட்டும். இந்தக் கையை மடக்கு. அவ்வளவுதான்."

கழுத்திலிருந்து டேப்பை உருவினார். தரையில் ஒரு முனையைக் காலால் அழுத்திக்கொண்டு, அவள் முழங்கை எலும்பில் விரலை வைத்து அளந்தார். படித்தார். நம்பாதவர்போல் மறுபடி அளந்தார். அவர் நினைத்துவைத்திருந்ததைவிட அவள் மிகவும் குட்டையாக இருந்தாள்.

"எங்கயாவது இழுக்குதா?"

"இல்ல."

"தோள்ல?"

"எங்கயும் இழுக்கல. இது சரியா இருக்கு."

அவள் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. தம்பி அதைப் பார்த்துத் தானும் சிரித்தார். "அசையாம அப்படியே நில்லு, கோடு போட்டுக்கிறேன்," என்று மாஸ்டர் சொன்னார். சட்டைப் பையிலிருந்து துணியில் வெட்டுக்குறி போடும் வெள்ளைச் சுண்ணக்கட்டியை எடுத்தார். நீளப் பலகை ஒன்றை அணையாகப் பிடித்து, அவள் முழங்கைக்கு நேராக, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை எல்லா இழுப்பறைகளின் மேலும் ஒரே இழுப்பில் கோடு போட்டார். கோடு நேராக இருந்தது. மரத்தின் ரேகை அப்படி நேராகப் போகவில்லை. அலையடித்துக்கொண்டு போய், இரண்டு இடத்தில் வெள்ளைக் கோட்டுக்கு மேலே எழும்பி, மறுபடி கீழே இறங்கியது. எழும்பிய இடங்கள் இரண்டும் ரம்பத்தோடு போய்விடும்.

"போடட்டுமாண்ணே?" என்று தம்பி ரம்பத்தைத் தூக்கினார்.

மாஸ்டர் சுவரருகே போய் ஒயரைப் பிடுங்கினார். அதைச் சுருட்டித் தம்பியின் தோளில் மாட்டினார். திரும்பி வந்து மேடைக்கு முன்னால் குந்தினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, பாலிஷில் கீறல் விழாதபடி, ரேகை போகிற வாக்கிலேயே வெள்ளைக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு போனார். அவள் அவர் சொன்னபடியே அசையாமல், ஒரு கையால் வாக்கரைப் பிடித்து, மறு முழங்கையை மடக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். அந்த முழங்கைக்கு நேராக வந்தபோது, அதில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையை மட்டும் சற்றுக் குனிந்துகொண்டு, அடுத்த இழுப்பறைக்கு நகர்ந்தார்.